கிதார் படத்துக்குப் பக்கத்திலிருந்த பெயர்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
10.06.2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழ் ஆட்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள் என்று பேப்பரில் வாசித்த நாளிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்குவதில்லை. நீங்கள் இருப்பது லொட்ஜ் இல்லை, வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டு அறை, பொலிஸ் பதிவும் இருக்கிறது என்று நான் சொல்லிக் களைத்துவிட்டேன். நீங்களே ஒரு வரி எழுதினால்தான் நம்புவார். அப்பா உங்களைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆனால் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் முதலில் எழும்புவது அப்பாதான்.

நான் எழுதுவது வேறு ஒரு காரியத்துக்கு. கட்டைபறிச்சான் இராசமலர் அக்காவை நினைவிருக்கிறதா? இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய அப்பா செத்து முப்பத்தோராம் நாளுக்குக் கொடுத்த நினைவுப் புத்தகத்தை நீங்கள்தான் எங்கள் முன் அறைக் கொம்பியூட்டரில் அடித்துக் கொடுத்தீர்கள். போன ஆவணியில் ஷெல்லடிக்கு ஓடும்போது அவருடைய அம்மா அன்னலட்சுமியும் வழியில் செத்துப்போனார். அக்கா இப்போது எங்கள் ஒழுங்கையில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறார். வரும் ஆவணி நடுவில், ஓகஸ்ட் பதினைந்தில், ஆண்டுத் திவசம். மாலை போடுவதற்கு அம்மாவின் படம் ஒன்றும் இல்லை. வீட்டோடு எல்லாம் எரிந்துவிட்டது. அடையாள அட்டை அம்மாவோடேயே போய்விட்டதாம்.

"கோணேசன் தம்பி அப்பாவையும் அம்மாவையும் சேர்த்து எடுத்த படத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சுக் கொப்பி எடுத்தவர், தங்கச்சி. அது உங்கட கொம்பியூட்டருக்குள்ள கிடக்கும்," என்றார். பிறகு, "நினைச்சால் அம்மான்ர மூக்குத்தி வருது. முகம் வருகுதில்லை," என்றார். நான் உடனே எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கொடுத்த பிறகுதான் விளங்கியது. போன மாதம் கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் மொனிட்டர் எரிந்துவிட்டது. பெட்டி மட்டும் ஓடுகிறது. ஒழுங்கையில் கொம்பியூட்டர் இருந்த மற்ற வீட்டுக்காரர் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். கனடாப் பெரியப்பா அனுப்பின லப்டொப் என்னிடம் இருக்கிறது. முன்பு நீங்கள் உங்கள் லப்டொப்பையும் முன் அறைப் பெட்டியையும் வயரால் இணைத்து, அதிலிருந்து இதைத் திறப்பீர்களே, அப்படிச் செய்யலாம் என்று நினைத்து வயரைக் குத்தினேன். ஒன்றுமே தெரியவில்லை. பகிரப்பட்ட கோப்புறையைத் திறப்பது எப்படி என்று தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு அன்புத் தங்கை,
மாதுமை


வெள்ளவத்தை
18.06.2007

மாதுமை,

இருக்கிறேன். சாப்பிடுகிறேன். காலி வீதியில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை. அம்மாவிடம் சொல்.

கோப்புறை என்று எழுதியிருக்கிறாய். பாடப்புத்தகத்துக்கு வெளியே அந்தச் சொல்லை எழுதின முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

முதலில் நீ குத்தினது எந்த வயர்? சாம்பல் நிற வயர் இரண்டு கொம்பியூட்டரை நேராக இணைக்க உதவாது. நீல வயர் ஒன்று இருந்தது. அதன் தலைகளை நான் கையால் மாற்றிப் போட்டது. அதுதான் வேண்டும். சரியான வயர் என்றால் குத்துகிற இடத்தில் சின்னப் பச்சை வெளிச்சம் எரியும். எரியாவிட்டால் மற்றது ஒன்றும் செய்து மினக்கெடாதே.

எரிந்தால், லப்டொப்புக்கு நம்பரைக் கையால் கொடு. பழைய பெட்டியின் நம்பர் 192.168.0.1. உன்னுடையதன் கடைசி இலக்கம் 2 ஆக இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே நம்பர் கொடுத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதே. பிறகு நெட்வேர்க்கில் பார், 'கிழவன்' என்று ஒரு பெயர் வரும். அதுதான் அந்தப் பெட்டி. அதைத் திறந்தால் பெயரும் பாஸ்வேட்டும் கேட்கும். கொம்பியூட்டரைப் போட்டதும் கிதார் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயர் இருக்குமே, அந்தப் பெயரை அடி. பாஸ்வேட் உனக்குத் தெரியும். இங்கே எழுதமாட்டேன். கடிதத்தை யார் உடைக்கிறார்கள் என்று தெரியாது.

கவனம், மூன்று தரம் பிழையாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். நான்தான் அப்படி வைத்தேன். பூட்டினால் மொனிட்டர் வைத்து அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்துதான் திறக்கலாம்.

கிராம சேவகரின் பதிவில் என் பெயரை அப்பா வெட்டிவிட்டாராம். பெரியம்மா சொன்னார். போகமாட்டேன் என்றவனைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் போனதும் பெயரையும் எடுத்தாயிற்று. நல்லது.

கோணேசன்


ஓர்ஸ் ஹில்
26.06.2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதியதை வரிக்கு வரி செய்தேன். நீல வயரைக் கண்டுபிடிக்கவே நாட்கள் போயின. அலுமாரிக்கு மேல் பார்த்தேன், கட்டிலுக்குக் கீழ் பார்த்தேன், உங்கள் பழைய சப்பாத்துப் பெட்டிக்குள்ளும் பார்த்தேன். கடைசியில் அண்ணாந்து படுத்தபோது கண்டேன். அம்மா அதில் நுளம்பு வலையைக் கட்டியிருக்கிறார். "நல்ல பலமான கயிறு பிள்ளை, அறாது," என்றார். அவிழ்ப்பதற்குச் சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது வலை சாம்பல் வயரில் தொங்குகிறது.

பச்சை வெளிச்சம் எரிந்தது. நான் கத்தின கத்தில் அப்பா குசினிப் பக்கமாக ஓடினார். பாவம், வேறு ஏதோ என்று நினைத்துவிட்டார். நம்பர் கொடுத்தேன். 'கிழவன்' வந்தான். திறந்தேன். பெயர் கேட்டது. கிதார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரை அடித்தேன். பாஸ்வேட்டை அடித்தேன். அனுமதி இல்லை என்றது. அடுத்த நாள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து இரண்டாம் தரம் அடித்தேன். அதே பதில். இன்னும் ஒரு தரம்தான் இருக்கிறது. எனக்குக் கைவைக்கப் பயமாக இருக்கிறது. பாஸ்வேட்டை மாற்றினீர்களா?

இன்னொன்றையும் எழுத வேண்டும். அம்மா எழுத வேண்டாம் என்றார். ஆனால் போகும்போது நீங்கள் எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்கள்.

பங்குனியில் ஆமி வீடுவீடாகச் சோதனை செய்தது. கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், கிராம சேவகர் பதிந்து தந்த குடும்ப விபரத் தாளைப் பார்த்தார்கள். அதில் அப்பா, அம்மா, நான். மூன்று பேர் நின்றோம். சரி என்று திரும்பும்போது முன் அறையில் கொம்பியூட்டர் போட்டபடி கிடந்தது. அதில் வாத்துப் படத்தோடு அப்பாவின் பெயர், பூப்படத்தோடு அம்மாவின் பெயர், வண்ணத்துப்பூச்சிப் படத்தோடு என் பெயர், கிதார் படத்தோடு உங்கள் பெயர். ஒரு ஆமிக்காரர் விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். நாலாவதில் விரல் நின்றது. "மெயா கவுத?" என்றார். யார் இவர் என்று. அப்பா தன் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மகன், கொழும்பு, வேலை, பதிவு அங்கே. அவர்கள் அலுமாரிக்குள், கட்டிலுக்குக் கீழ், கிணற்றுக்குள் எல்லாம் நாலாவது ஆளைத் தேடினார்கள். அப்பாவை வாசலில் நெடுநேரம் நிற்கவைத்தார்கள்.

அவர்கள் போனதும் அம்மா, "அந்தப் பேரை எடு பிள்ளை. இப்பவே எடு," என்றார். அழிக்கப் போனால் உங்கள் வேலைகளையும் அழிக்கவா என்று கேட்டது. நான் பயந்து அழிக்கவில்லை. பெயரை மட்டும் மாற்றினேன். அச்சு வேலைக்கான கணக்கு என்று சொல்லலாம் என்பதால் 'அச்சு' என்று வைத்தேன். ஆங்கில எழுத்தில்தான். கிதார் படத்துக்குப் பக்கத்தில் இப்போது அதுதான் இருக்கிறது. அதைத்தான் இரண்டு தரமும் அடித்தேன்.

இராசமலர் அக்கா நேற்றும் வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி இருந்தார்.

அன்புடன்,
மாதுமை


வெள்ளவத்தை
04.07.2007

மாதுமை,

கோணேசன் என்று ஒரு ஆள் அந்த வீட்டுத் தாளில் இல்லை. கொம்பியூட்டரிலும் இல்லை. இல்லாத ஆளிடம் வழி கேட்டு முத்திரைக் காசை வீணாக்காதே.

பாஸ்வேட்டை நான் மாற்றவில்லை. உங்கள் வீட்டு அச்சுவிடம் கேட்டுப் பார்.

கோணேசன்


ஓர்ஸ் ஹில்
13.07.2007

அண்ணா,

உங்கள் கடிதத்தை வாசித்தேன். நாலு வரியை வாசிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? பதில் எழுதத்தான் நாளானது. எழுதி எழுதிக் கிழித்தேன். என் கொப்பியில் தாள் குறைந்துபோனதைக் கண்டு அம்மா ஏசினார். இதைக் கிழிக்கமாட்டேன்.

நான் உங்களை வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லியா எழுதினேன்? அப்பாவோடு கதைக்கச் சொன்னேனா? ஒரு செத்துப்போன மனுசியின் படம் வேண்டும் என்று கேட்டேன். அதற்கு நீங்கள் பகிடி எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களை நம்பியிருக்க ஏலாது என்று மெயின் வீதியில் கடை வைத்திருக்கும் பாயிஸ் நானாவிடம் போனேன். "பெட்டியைத் தூக்கிட்டு வாங்க தங்கச்சி, என்ட மொனிட்டர்ல குத்திப் பார்த்தா அஞ்சு நிமிச வேலை," என்றார். மொனிட்டரை இங்கே கொண்டுவர ஏலாதா என்று கேட்டேன். "நான் கடைச் சாமானோட சந்தியில ஆமிச் சென்றியைக் கடக்கிறதெண்டா, அதுக்கு நாலு பேரிட்டக் கடிதம் எடுக்கணும். நீங்க வீட்டுச் சாமான்தானே, விடுவாங்க," என்றார்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். சனிக்கிழமை காலையில் பார்த்தால் பெட்டியைத் துவாயில் சுற்றி, அரிசிப் பையில் இறக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு நிற்கிறார். "வா பிள்ளை, நீ பின்னால பிடி," என்றார். அப்பா சைக்கிளை உருட்ட, நான் பிடித்துக்கொண்டு போனேன். சந்தியில் இறக்கச் சொன்னார்கள். துவாயை அவிழ்த்தார்கள். உள்ளே என்ன என்றார்கள். படம் என்றார் அப்பா. என்ன படம்? யாருடைய படம்? எங்கே எடுத்த படம்? அப்பாவுக்கு அன்னலட்சுமி அம்மாவைச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை. கட்டைபறிச்சான் என்று மட்டும் சொன்னார். சண்டை நடந்த அந்த ஊரின் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. வெயிலில் நிற்கவைத்தார்கள். ஓரமாக நிற்கச் சொன்ன இடத்தில் நிழல்கூட இல்லை. பிறகு பெரியவர் ஒருவர் வந்து, கடிதம் இல்லாமல் கொண்டுபோக ஏலாது, திருப்பிக் கொண்டுபோ என்றார். அது நல்ல முடிவுதான் என்று அம்மா சொல்கிறார். பெட்டியையே வைத்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது?

வீட்டுக்கு வந்து அப்பா பெட்டியை மேசையில் வைத்துத் துடைத்தார். "உதுக்குள்ளயே எல்லாத்தையும் வைச்சிட்டுப் போனவன்?" என்று கேட்டார்.

உங்கள் பெயரைத் தாளிலிருந்து அப்பா ஏன் எடுத்தார் என்று நான் சொல்கிறேன். பெயர் இருந்து ஆள் இல்லாவிட்டால், எங்கே போனான், காட்டுக்குப் போனானா என்று கேட்பார்கள். பின் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அப்படிக் கேட்டு, அந்த வீட்டு ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். உங்களுக்குக் கோபம் வந்தால் எழுதாமல் இருக்கலாம். எங்களுக்குக் கோபம் வந்தாலும் கதவைத் திறக்க வேண்டும்.

திவசத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. விருப்பம் என்றால் உதவி செய்யுங்கள்.

மாதுமை


வெள்ளவத்தை
21.07.2007

அன்புள்ள மாதுமை,

உன் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். முதலாளி, "என்ன, ஊரில பிரச்சினையோ?" என்றார். ஓம் என்றேன்.

அப்பாவை வெயிலில் நிற்கவைத்தது எவ்வளவு நேரம்? தலைச்சுற்று வந்ததா? பிரஷர் மருந்து ஒழுங்காகப் போடுகிறாரா? அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

இனி விசயத்துக்கு வருகிறேன். கடையில் ஒரு பழைய பெட்டியை எடுத்து நீ செய்ததை அப்படியே செய்து பார்த்தேன். ஒரு கணக்கைத் திறந்து, பிறகு பெயரை மாற்றி, இன்னொரு கொம்பியூட்டரிலிருந்து புதுப் பெயரில் உள்ளே போகப் பார்த்தேன். விடவில்லை. பழைய பெயரில் அடித்தேன். உடனே திறந்தது. நீ மாற்றினது வாசலில் தொங்குகிற பலகையை மட்டும்தான். கணக்கைத் திறக்கும்போது முதல் நாள் வைத்த பெயர் எதுவோ, உள்ளே கடைசி வரைக்கும் அதுதான். இத்தனை வருடம் இந்த வேலை செய்கிறேன், எனக்கே இது தெரியாது. நான்தான் உன்னிடம் திரையில் இருக்கும் பெயரை அடி என்று எழுதினேன். பிழை என்னுடையது.

ஆகவே என் பெயரை அடி. கே-யில் தொடங்கி, எல்லாம் சின்ன எழுத்தில். பழைய பாஸ்வேட்.

பூட்டுக்குப் பயப்படாதே. நீ இரண்டு தரம் தட்டினது அப்படி ஒரு ஆளே இல்லாத கதவை. அதைக் கிழவன் கணக்கில் எடுத்திருக்கமாட்டான். என் பெயரில் உனக்கு இன்னும் மூன்று தரமும் அப்படியே கிடக்கிறது.

படம் நினைவுப் புத்தகங்கள் கிடக்கும் 'கல்வெட்டு' போல்டரில் இருக்கும். அவருடைய அப்பாவின் பெயரில் தேடு.

அண்ணா


ஓர்ஸ் ஹில்
29.07.2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

திறந்துவிட்டது. முதல் தரத்திலேயே. ஆனால் சந்தோசமாக எழுத ஏலவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே செய்திருக்க வேண்டும். நான் ஒரு பைத்தியம், இராசமலர் அக்காவும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டு அடுத்த நாள் கூப்பிட்டேன். அவர் குளித்து, தலை இழுத்து, நல்ல சீலை உடுத்து வந்தார். கோயிலுக்குப் போகிறமாதிரி. அப்பாவும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அம்மா குசினி வாசலில் நின்றார். நான் உங்கள் பெயரை அடித்தேன். கதவு திறந்ததுபோல எல்லாம் வரிசையாக வந்தது. உங்கள் வேலைகள் எல்லாம். கலியாணக் கார்ட்டுகள், பூப்புனித நீராட்டு விழா, நினைவுப் புத்தகங்கள்.

பெயரைத் தேடிப் படத்தைத் திறந்தேன். அக்காவின் அப்பா வந்தார். நெற்றியில் திருநீறு, கோட்டு, நல்ல வடிவான படம். அவர் மட்டும்தான்.

நீங்கள் அம்மாவை வெட்டிவிட்டீர்கள், அண்ணா. புத்தகம் அப்பாவுக்கு என்பதால் அவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிட்டீர்கள். அவருடைய தோளுக்குக் கீழே, கதிரைக் கைப்பிடியில், ஒரு கையின் விரல்களும் ஒரு காப்பும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

அக்கா திரையில் அந்தக் காப்பைத் தொட்டு, "இது அம்மான்ர காப்புத்தான்," என்றார். பிறகு என்னிடம், "தங்கச்சி, இந்தக் கையையாவது பெருசாக்கித் தர ஏலுமோ?" என்றார்.

நான் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. உங்கள்மேலும் பட்டேன், கொம்பியூட்டர்மேலும் பட்டேன், நுளம்பு வலைமேலும் பட்டேன்.

வெட்டின மிச்சத்தை எங்காவது வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இல்லை என்று சுருக்கமாக எழுதுங்கள். நான் அக்காவிடம் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குத் தலைச்சுற்று இல்லை. மருந்து போடுகிறார். நீங்கள் கேட்டீர்கள் என்று சொன்னேன். "ம்," என்றார்.

மாதுமை


வெள்ளவத்தை
04.08.2007

அன்புள்ள மாதுமை,

இதை அவசரமாக எழுதுகிறேன். கடையிலிருந்து தபால் கந்தோருக்கு ஓட வேண்டும்.

வைத்திருக்கிறேன். வெட்டாத படத்தை நான் ஒருநாளும் அழித்ததில்லை. ஒரே படத்தை இரண்டு தரம் வைத்து இடத்தை நிரப்புகிறாய் என்று அப்பா ஏசுவார் என்பதற்காக வேறு இடத்தில் ஒளித்து வைத்தேன். தமிழ் எழுத்துருக்கள் இருக்கும் போல்டருக்குள் போ. அதற்குள் 'வெட்டாதது' என்று ஒன்று இருக்கும். ஆனால் நான் சோம்பேறி, அங்கே ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை. கொப்பி எடுக்கும் மெசின் கொடுத்த நம்பர்தான் இருக்கும். எந்த நம்பர் என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த முறை முதலில் நீ தனியாகப் பார்.

படத்தை வெட்டும்போது அந்தக் கை எனக்கு ஒரு கரைச்சலாகத்தான் பட்டது. கதிரைக் கைப்பிடியோடு ஒட்டியிருந்ததால் அழிக்கக் கஷ்டம், விட்டுவிட்டேன். யாருடைய கை என்று யோசிக்கவில்லை. இரண்டு நாளாக அதுதான் கண்ணுக்குள் நிற்கிறது.

அண்ணா


ஓர்ஸ் ஹில்
16.08.2007

அன்புள்ள அண்ணாவுக்கு,

திவசம் நேற்று முடிந்தது. படம் இருந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் 'வெட்டாதது' போல்டரில் எத்தனை ஆட்கள்! நான் தனியாக இருந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். நினைவுப் புத்தகங்களில் தனியாக, தலையும் தோளுமாகப் பார்த்த முகங்கள் எல்லாம் இங்கே முழு ஆட்களாக நிற்கிறார்கள். மடியில் பேரப்பிள்ளை இருக்கிறது. பக்கத்தில் ஆட்டுக்குட்டி நிற்கிறது. தம்பலகாமத்து ஐயா ஒருவர் உழவு மெசினில் ஏறி இருக்கிறார், அவருடைய புத்தகத்தில் அவர் ஆகாயத்தில் மிதக்கிறமாதிரி இருந்தது ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. எல்லோருடைய தோளிலும் யாருடையதோ ஒரு கை இருக்கிறது. நீங்கள் அந்தக் கைகளை எல்லாம் வெட்டி வெட்டித்தான் எங்களுக்குச் சோறு வந்திருக்கிறது.

இராசமலர் அக்காவின் அப்பாவையும் அம்மாவையும் கண்டபோது எனக்குச் சந்தேகம் வந்தது. கதிரை அதே கதிரை, கோட்டு அதே கோட்டு, காப்பு அதே காப்பு. ஆனால் அம்மாவின் மூக்கில் மூக்குத்தி இல்லை. மூக்குத்திதான் வருகிறது என்று அக்கா சொன்னாரே. வேறு யாரோ, அப்பாவின் தங்கையாக இருக்குமோ என்று பயந்துபோனேன். இரண்டாம் தரமும் அக்காவை அழவைக்க என்னால் ஏலாது. மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய், அம்மா எப்போது மூக்குத்தி குத்தினவ என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். "அது நான் முதல் சம்பளத்தில வாங்கிக் குடுத்தது. முன்னம் இல்லை," என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் செருப்பும் போடாமல் எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு ஓடினார்.

லப்டொப் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விரல்களை எடுத்தார். பிறகு, "ஓம், ஓம், இப்பிடித்தான் இருந்தவ," என்றார். பல தரம் சொன்னார். அழவில்லை. "என்ர நெத்திதான் அவவுக்கும்," என்று எங்கள் அம்மாவிடம் காட்டினார்.

படத்தைச் சின்னப் பென் டிரைவில் ஏற்றி, அப்பா சேர்ட் பொக்கற்றில் மூக்குக் கண்ணாடியோடு போட்டுக்கொண்டு சந்தியைக் கடந்தார். பாயிஸ் நானா அன்றே பெரிதாக அடித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அம்மாவை மட்டும் தனியாக வெட்டட்டோ என்று கேட்டிருக்கிறார். அப்பா, "வேண்டாம், ஒண்டையும் வெட்டாத, அப்பிடியே போடு," என்றாராம். திவசத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மாலை போட்டார்கள்.

அண்ணா, அந்தப் போல்டரில் நாங்கள் நாலு பேரும் நிலாவெளியில் நிற்கிற படமும் இருக்கிறது. உங்கள் பாஸ்போட் சைஸ் படத்தை எதிலிருந்து வெட்டினீர்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன். அம்மா கிட்ட வந்து பார்த்தார். உங்களுடைய பெயரில்தான் இதெல்லாம் திறக்கிறது, நான் மாற்றினது வெளியில் மட்டும்தான் என்று விளங்கப்படுத்தினேன். அம்மாவின் முகம் மாறிப்போனது. "அப்ப ஆமி வந்து பார்த்தால் தெரியுமே?" என்றார். தெரியாது, திரையில் 'அச்சு' என்றுதான் இருக்கும் என்றேன். இன்னொரு தரம் கேட்டார். தெரியாது என்று திரும்பவும் சொன்னேன்.

"அப்ப இருக்கட்டும்," என்றார். "உள்ளுக்கு இருக்கட்டும்."

நீல வயரை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. வலைக்கு வேறு கயிறு வாங்க வேண்டும் என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

உறையில் விலாசம் எழுதியது நான் இல்லை. எழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். அப்பா பேனையை வாங்கி, உங்கள் பெயரை முழுவதுமாக, சிவகுருநாதன் கோணேசன் என்று எழுதிவிட்டு, மை காயும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றார். தபாலிலும் தானே போடுகிறாராம்.

இப்படிக்கு அன்புத் தங்கை,
மாதுமை